மாமியின் கேள்வியும் ஜனாதிபதியின் கல்லறையும்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டுக் குளிருக்குக் காத்துநின்ற ஒரு மாதத்தில், நியூயோர்க் நகரத்தில் நடந்தது இது. இலங்கையின் கல்முனைப் பக்கத்து மனிதனுக்கு நியூயோர்க்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். களஞ்சிய வேலைதான். அக்காலத்தில் எங்கள் பகுதியில் பெரிய அணையொன்று கட்டுவதற்காக மலை மலையாக இயந்திரங்களை இறக்கியிருந்தார்கள். அவற்றின் உதிரிப்பாகங்களை எப்படி அடுக்குவது, எப்படிக் கொடுப்பது, எப்படிப் பதிவு வைப்பது என்று படித்துவர என்னை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். அவர்களும் நம்மைப் போலத்தான் அடுக்குகிறார்கள். பொருளடுக்கும் இறாக்கைகள் மட்டும் கொஞ்சம் உயரம்.

சேவையில் இருந்த காலத்தில் ஒரு திருகாணி காணாமற்போனாலும் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரிடம் முறையிடுவது, யாருக்குப் பிரதி அனுப்புவது, எத்தனை காலம் தேடிய பிறகு அதை இல்லாத பொருள் என்று எழுதித் தள்ளுவது, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன மிஞ்சுகிறது? ஆனால் எங்கள் குடும்பத்தில் காணாமற்போனது திருகாணி அல்ல. என் மனைவியின் தம்பி.

நான் நிந்தவூர். கலியாணம் முடித்தது சாய்ந்தமருதில். எங்கள் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். ஆகவே மாமியின் வீட்டில், மாமியின் ஆட்சியின் கீழ், நல்ல குடிமகனாக வாழ்ந்துவந்தேன். மாமிக்கு ஒரே மகன். தகப்பனோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், அந்த வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு தோணியை வெறுத்துவிட்டான். தோணி சிறிதாக இருந்ததுதான் குறை போலும், கொழும்புக்குப் போய்ச் சரக்குக் கப்பலொன்றில் வேலைக்கு ஏறினான். சில வருடம் கழித்துக் கப்பல் கொம்பனியிலிருந்து தகவல் வந்தது. நியூயோர்க்கில் கப்பல் நின்றபோது இறங்கியவன் திரும்பி ஏறவில்லையாம். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தண்ணீரில் விழுந்துவிட்டான் என்றார்கள். வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்றார்கள். இரண்டையும் ஒரே மனிதரே சொன்னதும் உண்டு. மாமிக்கு அண்ணனான மூத்த காக்கா வருடா வருடம் வந்து, கத்தத்தை ஓதிவிடுவோம் என்பார். கத்தம் என்றால், மௌத்தானவருக்காகக் குர்ஆன் ஓதி, ஊருக்குச் சோறு கொடுப்பது.

"உசிரோட இரிக்கிற புள்ளைக்கிக் கத்தம் ஓதச் சொல்றீங்களா காக்கா?" என்று மாமி கேட்பார். "சோத்து ஆசையெண்டா நேரா சொல்லுங்க. சும்மாவே ஆக்கித் தாறன்."

காக்கா கோபித்துக்கொண்டு போவார், அடுத்த வருடம் திரும்பி வருவார். வெளியே மாமி இப்படித்தான் வெட்டொன்றாகப் பேசுவார். ஆனால் தொழுது முடித்து அவர் கையேந்துவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் பிரார்த்தித்து வரிசையாகத் துஆக் கேட்டு வருவார். மகனுடைய முறை வந்ததும் வாய் நின்றுவிடும். நீண்ட ஆயுளைக் கேட்பதா, மறுமையில் நல்ல இடத்தைக் கேட்பதா? தெரியாமல் ஏந்திய கை அப்படியே கிடக்கும்.

நான் அமெரிக்கா போகிறேன் என்றதும் ஊரில் பேனை கேட்டவர்கள் இருந்தார்கள், கைக்கடிகாரம் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் புறப்படும் நாளில்தான் மாமி வாயைத் திறந்தார். மருமகனான என்னையும் மகன் என்றுதான் அழைப்பார்.

"மகன், அவனக் கூட்டிட்டு வாங்கண்டு நான் கேக்கல்ல. உசிரோட இரிக்கானா இல்லயா, ஹயாத்தா மௌத்தா, அத மட்டும் அறிஞ்சிட்டு வாங்க. நான் என்ன துஆக் கேக்கிறண்டு எனக்கித் தெரியணும்."

"அது பெரிய வேலயில்ல மாமி. எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இரிக்கு."

"ஒழுங்கு இரிக்கட்டும். நீங்க ஆளத் தேடுங்க."

பயிற்சி நாட்டின் உட்பகுதியில் நடந்தது. அது முடிந்து, ஊர் திரும்பும் கப்பலுக்காக நியூயோர்க்கில் சில நாள் தங்கவேண்டி வந்தது. அந்த நாள்களை நான் வீணாக்கவில்லை. துறைமுக அலுவலகம், கப்பல் முகவர்கள், மாலுமிகள் தங்கும் விடுதி, ஆஸ்பத்திரிகள், பொலிஸ், கடைசியில் ஆதரவற்றவர்களை அடக்கும் மயானத்தின் அலுவலகம் என்று ஒழுங்கு தவறாமல் ஏறி இறங்கினேன். கோட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி, தோல்பை, பைக்குள் மைத்துனனின் படம். எங்கும் மரியாதையாக வரவேற்றார்கள். எங்கும் மரியாதையாகக் கையை விரித்தார்கள். மயானத்திலும் அவன் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி. அவர்களுடைய பதிவு வைக்கும் முறையைப் பார்த்த பிறகு அதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

கப்பலை விட்டு இறங்கிவிட்ட வங்காள முஸ்லிம்கள் சிலர் ஹார்லெம் என்ற பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள் என்று விடுதியில் ஒருவர் சொன்னார். அங்கேயும் போனேன். ஒவ்வொரு கடையிலும் நான் காலை வைத்ததும் உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். முதலாளி படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பியும் பார்த்து, இப்படி ஓர் ஆளைக் கண்டதில்லை என்று தருவார். ஒரு கடையில் சோறும் கோழிக்கறியும் வைத்து உபசரித்துவிட்டு, பணத்தைக் கண்ணாலும் பார்க்க மறுத்தார்கள். என்னுடைய தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது தோற்றத்துக்குக் கிடைத்ததுதான், நான் நினைத்த விதத்தில் அல்ல.

மறுநாள் காலையில் கப்பல். செய்வதற்கு மிச்சமாக ஒன்றும் இல்லை. மாமிக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி ஹார்லெமிலிருந்து மேற்கே ஆற்றுப் பக்கமாக நடந்தேன். மேட்டில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. அகலமான படிகள், தூண்கள், தலையில் குவிந்த பெரிய குப்பா. பாதையில் போன ஒருவரைக் கேட்டேன். போர்த் தளபதியாக இருந்து பின்பு ஜனாதிபதியான ஒருவரின் கல்லறை அது என்றார். இவ்வளவு தூரம் வந்து ஒரு ஜனாதிபதியையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று படியேறினேன்.

வாசலில் வெண்கலக் கதவு. அதன் அருகே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அவுலியாக்கள் என்னும் இறைநேசர்கள் அடங்கிய சியாரங்களுக்கு நான் அதிகம் போகிறவனும் அல்ல. அது கூடாது என்று ஊரில் வாதாடியவன். ஆனால் ஒரு மனிதரை அடக்கிய கப்று இருக்கும் கட்டடத்துக்குள் சப்பாத்தோடு போக எங்கள் பகுதிக் கால்களுக்குத் தெரியாது. படிப்பு அவ்வளவு கீழே இறங்கவில்லை. சப்பாத்தைச் சுவரோரம் சோடியாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். பளிங்குத் தரை ஐஸ் கட்டியாக இருந்தது.

நடுவில் தரை வட்டமாகத் திறந்திருந்தது. கைபிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தால், கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவந்த கல் பெட்டிகள். ஒன்றில் ஜனாதிபதி, மற்றதில் அவருடைய மனைவி. என் கை தானாக ஏந்திக்கொண்டது. உதடு குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவைத் தொடங்கிவிட்டது. பாதியில்தான் புத்தி வந்தது: இவர் எங்கள் ஊர் அவுலியா அல்லவே! தொடங்கிய ஓதலை நடுவில் விடுவதும் முறையில்லை. ஓதி முடித்து, அல்லாஹ்விடம் என் மைத்துனனைப் பற்றிக் கேட்டேன். மனுவை எங்கே நின்று கொடுத்தால் என்ன, போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பிறகு, சியாரத்துக்கு முதுகு காட்டக்கூடாது என்று சின்ன வயதில் பழக்கியபடி, பின்னோக்கியே அடி வைத்து நடந்தேன். நேராகப் போய் அங்கிருந்த காவலாளியின் வயிற்றில் மோதினேன். பெரிய வயிறு, பெரிய மீசை, தொப்பியில் பித்தளைச் சின்னம். அவர் என் காலுறையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களும் பின்பக்கமாகத்தான் நடப்பீர்களா?" என்றார்.

நான் ஏதோ விதியை மீறிவிட்டேன் என்று நினைத்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். விளக்கத்தின் நடுவில்தான் அந்த "நீங்களும்" காதில் ஏறியது. வேறு யார் இப்படி நடப்பது என்று கேட்டேன்.

காவலாளிக்குக் கதைக்க ஆள் கிடைத்த சந்தோஷம். ஒருவன் வருகிறானாம். உங்கள் நிறந்தானாம். நீங்கள் சப்பாத்தை வைத்த அதே இடத்தில்தான் அவனும் வைப்பானாம். கையை ஏந்துவான், ஏதோ முணுமுணுப்பான், பின்பக்கமாக நடந்து வெளியேறுவான். முதலில் பைத்தியம் என்று நினைத்தாராம். பிறகு ஜனாதிபதியின் தூரத்து உறவோ என்று சந்தேகப்பட்டாராம். அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

"எப்போது வருவான்?"

"வியாழக்கிழமை மட்டும். மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்."

வியாழன் பின்னேரம், அதாவது எங்கள் நாள் கணக்கில் வெள்ளி இரவு தொடங்கும் நேரம். எங்கள் ஊரில் பெண்களும் ஆண்களும் சியாரத்துக்குப் போகும் நேரம் அது. படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவன் மெலிந்தவன். அவன் தடித்தவன். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

எந்த அலுவலகத்திலும் இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆனால் அவன் ஒரு வங்காளியாகவும் இருக்கலாம், பஞ்சாபியாகவும் இருக்கலாம். வியாழக்கிழமை என்பது நாளைக்கு. என் கப்பலும் நாளைக்கு, அதுவும் காலையில். அரசாங்கச் செலவில் போனவன் கப்பலை விட்டால் காரணம் எழுத வேண்டும். விதிக்கோவை எனக்கு மனப்பாடம். மைத்துனனைத் தேடுவதற்கு அதில் இடமில்லை. வயிற்றுவலிக்கு இருக்கிறது. ஆகவே எனக்கு வயிற்றுவலி வந்தது.

அடுத்த நாள் நேரத்தோடே போய்விட்டேன். காவலாளிக்கு என்னைவிட ஆவல். தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். யாராவது படியேறும்போதெல்லாம் கதவால் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்குவார். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு கிழவர் நாயோடு வந்து நாயால் திருப்பி அனுப்பப்பட்டார். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். ஊருக்குப் போய் மாமியின் முன்னால் எப்படி நிற்பேன் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

காவலாளி இருமினார். திரும்பினேன். வாசலில் கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக ஒருவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. நான் அவனை நோக்கி ஓரடி வைத்தேன். அவன் நிமிர்ந்து என் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் தொப்பியையும் கண்டான். அவ்வளவுதான். கழற்றிய சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடத் தொடங்கினான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓடுவான் என்று எனக்கு ஏனோ தோன்றியது. கதவருகே ஓடிவந்து, தமிழில், தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய், உம்மா கேக்கிறா! நீ ஹயாத்தா, மௌத்தா?"

நடுப்படியில் நின்றுவிட்டான். திரும்பவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, என் காலைப் பார்த்தான்.

"மச்சானா?"

"வேற ஆரு?"

"ஹயாத்துத்தான் மச்சான்," என்றான். சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் காலுறையோடு இருந்தோம். ஆற்றிலிருந்து வந்த காற்று எலும்பைக் குடைந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"படத்தோட வந்த ஒபிசர் நீங்கதானா? முதலாளி சொன்னார், கறுத்த ஒபிசர் ஒருத்தன் கோட்டு மாட்டிக்கிட்டு உன்னத் தேடி வந்திரிக்கான், ஒளிடா எண்டு. நான் நிலவறைக்குள்ள கிழங்குச் சாக்கோட சாக்கா கிடந்தன்."

"எந்தக் கட?"

"நீங்க கோழிக்கறி திண்ட கட. அந்தக் கறியும் நான் ஆக்கினதுதான்."

"உப்புக் கூடிப்போச்சு," என்றேன்.

அழுதவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒழுங்குமுறையோடு, கழுத்துப்பட்டியோடு, நானே அவனைத் துரத்தித் துரத்தி ஒளியவைத்திருக்கிறேன். காலில் சப்பாத்து இல்லாததைக் கண்டுதான் நம்பினானாம். ஒபிசர்மார் சப்பாத்தைக் கழற்ற மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அது சரியான கணக்குத்தான்.

ஏன் ஒரு சொல்லும் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"கடிதம் போட்டா, கப்பலப் பாஞ்சவன்ட உம்மாட வாசலுக்குப் பொலிசு போகும், உம்மாவக் கொண்டு போகும் எண்டானுகள் மச்சான். அந்தப் பயத்திலதான். உம்மா நான் மௌத்தெண்டு நினைச்சாலும் வீட்டில இரிப்பா எண்டு விட்டுட்டன்."

இங்கேதான் நான் எழுந்து நின்றேன். மகன் கப்பலை விட்டு இறங்கியதற்காக உம்மாவைப் பிடிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை, இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது என்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன். யார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது, அவனுடைய பத்திரங்களைச் சரிசெய்ய எங்கே தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். அவன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் படித்த விதிகள் ஒரு மனிதனின் முகத்தில் நிறத்தைக் கொண்டுவந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அது சரி," என்றேன், "இஞ்ச ஏன் வாறாய்? இஞ்ச அடங்கியிரிக்கிறது ஆரெண்டு தெரியுமா?"

"தெரியும் மச்சான். மீசக்கார மனிசன் எல்லாம் சொல்லித் தந்தார். அவர்ட்ட நான் ஒண்டும் கேக்கிறல்ல. தூரத்தில இருந்து பாத்தா குப்பா எங்கட கடற்கரைப் பள்ளிச் சியாரம் மாதிரி இரிந்திச்சி. வியாழக்கிழம பின்னேரம் வந்தா எங்கயாவது நிக்கணும்தானே. நிக்கிறத்துக்கு ஒரு இடம், வேறென்ன?"

காவலாளி மேலே கதவருகே நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. எங்களைப் பார்த்து, அவன்தானா என்று தலையால் கேட்டார். ஓம் என்று தலையசைத்தேன். இறங்கிவந்து இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஜனாதிபதிக்கு உறவினர் என்று தான் நினைத்தது பாதி சரிதான் போலிருக்கிறது என்றார்.

அடுத்த கப்பலில் ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது, மூத்த காக்கா உட்பட. துறைமுக அலுவலகத்திலிருந்து வரிசைப்படி சொல்லத் தொடங்கினேன். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஹயாத்தா?"

"ஓம் மாமி. ஹயாத்து. நல்லாத் தடிச்சும் இரிக்கான்."

மாமி உள்ளே திரும்பினார். கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி வுழூச் செய்துவந்து தொழுதார். கையேந்தினார். வெகுநேரம் ஏந்தினார். வாய் எங்கும் நிற்கவில்லை.

மிச்சக் கதையை அவர் கேட்டது மறுநாள்தான். கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்கு ஒரு கத்தம் ஓதணும்," என்றார். பள்ளிவாசல் லெப்பையை அழைத்தோம். யாருக்கு ஓதுவது என்று லெப்பை கேட்டார். அமெரிக்க ஜனாதிபதிக்கு என்றேன். லெப்பை என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவர் கிறிஸ்தவர்தானே தம்பி. அவருக்கு ஓத ஏலாதே."

மாமி அசரவில்லை. மகன் உயிரோடு இருப்பதற்கு நன்றியாக ஊருக்குச் சோறு, அதற்கு லெப்பை துஆ ஓதினால் போதும் என்றார். மூத்த காக்கா இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். பிறகு மாமி சகன் என்ற பெரிய தட்டு நிறையச் சோற்றையும் இறைச்சிக்கறியையும் மூடி, கல்முனையில் எங்களுக்குப் பழக்கமான மெதடிஸ்ட் வாத்தியார் வீட்டுக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார்.

"வாத்தியாருக்குச் சொல்லுங்க மகன். சோறு எங்கட, ஜெபம் அவங்கட. அந்த ஜனாதிபதிக்கும் பொண்டாட்டிக்கும் ஒரு ஜெபம் பண்ணட்டும்."

வாத்தியார் கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடும்பத்தையே கூட்டி நிறுத்தி, நன்றாக நீட்டி ஜெபம் பண்ணினார். சோறு ஆறிவிட்டது.

மைத்துனன் சில வருடங்களுக்குப் பிறகு பத்திரங்களையெல்லாம் சரிசெய்து ஊருக்கு வந்து போனான். அதற்கு நான் எழுதிய மனுக்கள் தனிக் கதை.

ஓய்வுபெற்ற பிறகு, ஆளைக் காணவில்லை, மனு எழுதித் தாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படி வருகிறவர்கள் குறையவே இல்லை. உரிய இடங்களுக்கெல்லாம், பிரதிகளோடு, பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் பேனையின் மூடியைத் திறக்குமுன், மனம் கனத்துப்போனால் உங்கள் ஆள் ஊரில் எங்கே போய் நிற்பார் என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.